தாயத்து போய் டப்பா வந்தது!

சென்ற வாரம் ஒரு மாலை. ஏடு அச்சுக்குப் போகும் நேரம். வாயிலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மூன்றே மூன்று படிகள். ஏறி வரவில்லை. சுவரைப் பிடித்தபடி நின்றார்.

எட்டிப் பார்த்தோம். நமக்குத் தெரிந்தவர்தான். மண்டியிலே மூட்டை தூக்கும் தோழர். ஐம்பத்திரண்டு வயது. ஊர்வலம் என்றால் முதல் வரிசையில் அவர்; கொடிக்கம்பம் நடுவதென்றால் குழி தோண்டுபவர் அவர். மூட்டையை முதுகில் ஏற்றி, லாரிக்குப் போட்ட பலகைமீது ஓடிய கால்கள் அவருடையவை. அந்தக் கால்கள் அன்று மூன்று படிகளைக் கண்டு மிரண்டு நின்றன!

"படி ஏறலாமா, கூடாதான்னு தெரியலே தம்பி. நெஞ்சு நின்னுபோய் வந்தவனாச்சே!" என்றார்.

மூன்று வாரங்களுக்கு முன் அவருக்கு மாரடைப்பு. அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அடைபட்ட இரத்தக்குழாயைத் திறந்து, ஸ்டென்ட் வைத்தார்கள். காப்பீட்டு அட்டை இருந்தது, கைக்காசு கரையவில்லை. உயிர் பிழைத்தார். வீடு வந்தார். வந்தவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. இறங்கலாம் என்று சொல்வார் இல்லை. இறங்காதே என்று சொல்வார் தெருவெல்லாம் இருந்தார்கள்.

கைத்தாங்கலாக அழைத்து வந்து உட்கார வைத்தோம். கையிலிருந்த துணிப்பையை மேசைமீது கவிழ்த்தார். டப்பாக்கள்! ஒன்று புரதப் பொடி. ஒன்று மீன் எண்ணெய் மாத்திரை. ஒன்று "இதய வலிமை" வைட்டமின். இன்னொன்று பூண்டுச் சாற்றை அடைத்த குப்பி மாத்திரை.

"எல்லாம் இங்கிலீசுலே இருக்கு. நல்லதான்னு படிச்சுச் சொல்லு தம்பி" என்றார்.

"என்ன விலை, அண்ணே?"

"நாலாயிரத்து முந்நூறு. வீட்டிலே தோட்டை அடகு வெச்சுட்டோம்."

"ஆஸ்பத்திரியிலே கொடுத்த மாத்திரை எங்கே?"

"அதுவா? அது ஓசி மாத்திரைதானே. தீர்ந்து நாலு நாளாச்சு. அதான் இது இருக்கே!"

நெஞ்சு பகீரென்றது தோழர்களே! ஸ்டென்ட் வைத்த சில வாரங்களில், இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை நிறுத்தினால், வைத்த ஸ்டென்டிலேயே இரத்தம் உறைந்து மறுபடியும் அடைத்துக்கொள்ளக் கூடும். முதல் அடைப்பிலே தப்பியவர் இரண்டாவதிலே தப்புவார் என்பதற்கு உறுதி ஏது? உடனே ஒரு தோழரின் வண்டியில் அவரை மருத்துவமனைக்கு அனுப்பினோம். மாத்திரை வாங்கி, அங்கேயே விழுங்கிவிட்டுத்தான் வீடு திரும்பினார். அவர் திரும்பினார் என்ற செய்தி வந்த பிறகே இதை எழுத உட்கார்ந்தோம்.

காசில்லாமல் கிடைத்தது உயிரைக் காக்கும் மருந்து. காசு கொடுத்து வாங்கியது உதவாத டப்பா. ஆனால் மதிப்பு எதற்கு? டப்பாவுக்கு! ஏன் இந்த நிலை? அதைத்தான் இன்று ஆராய்கிறோம்.

படுக்கை என்னும் சிறை

நெஞ்சுவலி கண்டவன் அசையக் கூடாது என்பது மக்களின் அறியாமையில் பிறந்த எண்ணம் அல்ல. மருத்துவர்களே சொன்னதுதான். அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1912இல், இதயக் குழாய் அடைத்த பிறகும் மனிதன் பிழைத்திருக்க முடியும் என்று எடுத்துக்காட்டினார். பிழைத்தவனுக்குப் பூரண ஓய்வு வேண்டும் என்றார். அந்த ஓய்வு பின்னர் நீண்டது. நான்கு வாரம், ஆறு வாரம் எனப் படுக்கையில் கிடத்தினார்கள். நோயாளி தானே சவரம் செய்துகொள்ளக் கூடாது. தானே உண்ணவும் கூடாது.

விளைவு? கிடந்தவர்களின் கால் இரத்தக்குழாய்களிலே இரத்தம் கட்டியாக உறைந்தது. கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தது. இதயம் கொல்லாதவனைக் கட்டில் கொன்றது!

1952இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர் சாமுவேல் லெவினும், அவருடைய இளம் துணைவர் பெர்னார்ட் லவுனும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 81 மாரடைப்பு நோயாளிகளைத் தொடக்க நாட்களிலேயே கட்டிலிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்கார வைத்த கதை அது. உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான். அதற்கே மருத்துவமனைக்குள் எதிர்ப்புக் கிளம்பியது. ஆனால் உட்கார்ந்ததால் கேடு விளையவில்லை, தெம்பு பெற்றார்கள். அந்த லவுன்தான் பின்னாளில் அணு ஆயுதப் போரைத் தடுக்க மருத்துவர்களை ஒன்று திரட்டினார். அவர் இணைந்து நிறுவிய அமைப்பு 1985இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது.

மற்றொரு சான்று. 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், இருபது வயது ஒட்டிய ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையில் கிடத்திப் பார்த்தார்கள். நோயாளிகள் அல்ல, நல்ல உடற்கட்டுள்ளவர்கள். மூன்றே வாரத்தில் அவர்களின் உடல் உயிர்வளியைப் பயன்படுத்தும் ஆற்றலில் கால் பங்குக்கு மேல் குறைந்தது! முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் மறுபடி சோதித்தார்கள். முப்பது ஆண்டு மூப்பு செய்த கேட்டைவிட, அன்றைய மூன்று வாரப் படுக்கை செய்த கேடு பெரிதாக இருந்தது.

இருபது வயது இளைஞனுக்கே இந்த நிலை என்றால், ஐம்பத்திரண்டு வயதில் மூன்று வாரம் கட்டிலில் கிடந்த நம் தோழர் மூன்று படிகளைக் கண்டு மிரண்டதில் வியப்பென்ன? அவர் மூச்சு வாங்கியதற்குக் காரணம் நோய் மட்டுமல்ல, ஓய்வும்தான்.

லண்டன் பஸ் சொன்ன உண்மை

இதயத்துக்கு நடையும் படியும் நண்பன் என்ற உண்மையை உலகுக்கு உணர்த்தியது அரண்மனை அல்ல, ஆடம்பர மாளிகை அல்ல. இரண்டு மாடி பஸ்!

ஜெர்மி மோரிஸ் என்பவர் கிளாஸ்கோ நகரில் வறுமையிலே வளர்ந்தவர். மருத்துவரான பிறகு, லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்களை ஆராய்ந்து 1953இல் முடிவை வெளியிட்டார். ஒரே பஸ். ஒரே புகை. ஏறக்குறைய ஒரே மாதிரியான வீடு வாசல். டிரைவர் வேலை நேரம் முழுதும் உட்கார்ந்தே இருக்கிறார். கண்டக்டரோ நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறி இறங்குகிறார். மாரடைப்பு யாருக்கு அதிகம்? உட்கார்ந்திருந்த டிரைவருக்கு! கண்டக்டருக்குக் குறைவு; வந்தாலும் அதனால் உடனே சாவது குறைவு.

மோரிஸ் ஆய்வாளர், விளம்பரக்காரர் அல்ல. தன் முடிவைத் தானே சந்தேகித்தார். டிரைவர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்து, வேலைக்குச் சேரும்போதே அவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு பெரிதாக இருந்தது என்பதையும் 1956இல் அவரே வெளியிட்டார். வேறுபாட்டில் ஒரு பகுதிக்கு அதுவும் காரணமாகலாம் என்று ஒப்புக்கொண்டார். கடிதம் கொண்டு நடக்கும் தபால்காரரையும், உட்கார்ந்து வேலை பார்க்கும் அஞ்சலக எழுத்தரையும் ஒப்பிட்டார். அங்கும் நடப்பவரே நலமாக இருந்தார். பகுத்தறிவு என்பது இதுதான் தோழர்களே! தனக்குப் பிடித்த முடிவையே முதலில் உரசிப் பார்ப்பது!

அதே காலத்தில், 1955 செப்டம்பரில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. அவரைக் கவனிக்க வந்த பால் டட்லி ஒயிட், நடையையும் சைக்கிளையும் வாழ்நாளெல்லாம் பரிந்துரைத்த மருத்துவர். நோயாளியை முடக்கிப் போடவில்லை. படிப்படியாக வேலைக்குத் திருப்பினார். 1956 தேர்தலில் ஐசனோவர் மறுபடியும் வென்றார். 1961 வரை பதவியில் இருந்தார். குடியரசுத் தலைவருக்கு, "எழுந்து நட" என்று சொல்ல ஒரு மருத்துவர் இருந்தார். மூட்டை தூக்கும் தோழருக்கு யார் இருக்கிறார்?

மூட்டை தூக்குவது உடற்பயிற்சியா?

இங்கே ஒரு கேள்வி எழும். "நாளெல்லாம் உழைப்பவன் நான். எனக்கு எதற்கு உடற்பயிற்சி? அது உண்டு கொழுத்தவனுக்கல்லவா வேண்டும்? உழைத்த எனக்கே ஏன் நெஞ்சடைப்பு?"

நியாயமான கேள்வி. விடை டென்மார்க்கிலிருந்து வந்திருக்கிறது. கோபன்ஹேகன் நகரில் 1,04,046 பேரைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் நடப்பதும் ஓடுவதும் இதய நோயைக் குறைக்கின்றன. ஆனால் வேலைத்தளத்தில் செய்யும் கடும் உடலுழைப்பு குறைக்கவில்லை. அந்த உழைப்பு மிகுந்தவர்களிடம் நோயும் சாவும் கூடுதலாகவே காணப்பட்டன!

ஏன்? நடக்கிறவன் தன் மூச்சுக்கு ஏற்ப நடக்கிறான், களைத்தால் நிற்கிறான். மூட்டை தூக்குகிறவன் லாரியின் அவசரத்துக்கு ஏற்ப ஓடுகிறான். களைத்தால் கூலி போகும். நடையிலே மூச்சு சீராக வருகிறது. மூட்டையை எடுக்கும்போதோ மூச்சை அடக்கித் தூக்குகிறான். இரத்த அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. நடை அரைமணி; பிறகு இதயத்துக்கு ஓய்வு. சுமையோ எட்டு மணி, பத்து மணி, ஓய்வே இல்லை. நடை இதயத்துக்குப் பாடம். ஓயாத சுமை இதயத்துக்குத் தண்டனை!

ஆகவே, மாரடைப்பு கண்ட தொழிலாளி முன்னே இரண்டு படுகுழிகள். ஒன்று கட்டில்: அஞ்சி அஞ்சிக் கிடப்பது. மற்றொன்று மூட்டை: பத்தாம் நாளே கூலிக்காக ஓடுவது. இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை இருக்கிறது. மருத்துவ உலகம் அதை இதய மறுவாழ்வுப் பயிற்சி என்கிறது.

பயிற்சி என்ன செய்யும்?

மாரடைப்பிலே இறந்த இதயத் தசை மறுபடி முளைப்பது மிக மிக அரிது. அந்த இடத்தில் தழும்பு உண்டாகிறது; அது உறுதிப்பட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். எந்தப் பயிற்சியும் தழும்பைத் தசையாக்காது. எந்தப் பொடியும் ஆக்காது. ஆக்கும் என்று சொல்பவன் புளுகன்!

பயிற்சி செய்வது வேறு. கை கால் தசைகள், வருகிற இரத்தத்திலிருந்து உயிர்வளியை நன்றாக எடுத்துக்கொள்ளப் பழகுகின்றன. அதே வேலையைக் குறைந்த துடிப்பிலே செய்து முடிக்கிறது இதயம். இரத்த அழுத்தம் தணிகிறது; சர்க்கரை கட்டுப்படுகிறது; எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சம் அகலுகிறது.

எண்ணிக்கை வேண்டுமா? இதயக் குழாய் நோயாளிகளிடம் நடந்த 85 ஆய்வுகள், 23,430 பேர். அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு 2023இல் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் இதய நோயால் சாவது ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. மறு மாரடைப்பு 18 விழுக்காடு குறைந்தது. இந்தியாவிலும் 24 மருத்துவமனைகளில், 3,959 மாரடைப்பு நோயாளிகளிடம் எளிய யோகப் பயிற்சியைச் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். மறு மாரடைப்பையும் சாவையும் அது குறைத்தது என்று திட்டமாக நிறுவ முடியவில்லை; ஆனால் பழைய வேலைகளுக்குத் திரும்புவதில் பயிற்சி பெற்றவர்கள் முந்தினார்கள். மந்திரம் அல்ல காரணம். மூச்சும் அசைவும் ஒழுங்கான பழக்கமும்!

எப்படித் தொடங்குவது? வீடு திரும்புமுன் மருத்துவரிடம் கேளுங்கள்: "எவ்வளவு நடக்கலாம்? எப்போது படி ஏறலாம்? எப்போது சுமை தூக்கலாம்?" இந்த மூன்றையும் கேட்காமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

அவர் நடக்கலாம் என்றால், சமதரையில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் எனத் தொடங்குங்கள். சில நாளுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது சென்று சேர வேண்டிய இலக்கு. முதல் வாரத்து வேலை அல்ல. முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுநடை. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவு மூச்சு வரலாம். பேசவே முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று பொருள். வயிறு நிறைய உண்டதும் நடக்காதீர்கள். உச்சிவெயிலில் நடக்காதீர்கள். தனியே போகாமல் துணையோடு போங்கள்.

நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல், தலைசுற்றல், படபடப்பு, இவற்றில் எது வந்தாலும் உடனே நின்று உட்காருங்கள். நாக்கின்கீழ் வைக்க மாத்திரை கொடுத்திருந்தால், உட்கார்ந்தபடியே, சொன்ன அளவில் வையுங்கள். சில நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 108ஐ அழையுங்கள். "வாயுவாக இருக்கும்" என்று சோடா வாங்கிக் குடித்துக் காலம் கடத்தாதீர்கள்!

பைபாஸ் அறுவை செய்துகொண்டவருக்கு நெஞ்செலும்பு கூடச் சில வாரங்கள் ஆகும். அதுவரை குடத்தையும் தூக்கக் கூடாது. மூட்டை தூக்கும் வேலைக்குத் திரும்புவது, எக்கோவும் டிரெட்மில் சோதனையும் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டிய தீர்ப்பு. மேஸ்திரி சொல்ல வேண்டியதல்ல!

டப்பாவுக்குள் என்ன?

இனி, மேசைமீது கவிழ்த்த டப்பாக்களுக்கு வருவோம்.

வைட்டமின் மாத்திரை: இங்கிலாந்தில், இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள 20,536 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு ஈ, சி வைட்டமின்களும் பீட்டா கரோட்டினும் ஐந்து ஆண்டு கொடுத்தார்கள். மற்றப் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 2002இல் முடிவு வந்தது. இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. நார்வேயில் மாரடைப்பு கண்ட 3,749 பேருக்கு பி வைட்டமின்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 2006இல் வந்த முடிவிலும் பயன் இல்லை.

மீன் எண்ணெய்: 1999இல் இத்தாலியில் 11,324 மாரடைப்பு நோயாளிகளிடம் பயன் தெரிந்தது உண்மை. மறைக்கவில்லை. ஆனால் பின்னர் மருந்துகள் பெருகிய காலத்தில் அந்தப் பயன் மறுபடி கிட்டவில்லை. நார்வேயில் மாரடைப்பு கண்ட 1,027 முதியவர்களிடம் நடத்திய சோதனை 2020இல் வெளிவந்தது. பயன் இல்லை என்றது. கூடுதல் அளவில் உண்டவர்களுக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகும் கோளாறு சற்று மிகுவதும் பல சோதனைகளில் தெரிந்தது. குறிப்பிட்ட சிலருக்கு, குறிப்பிட்ட கொழுப்புக் கோளாறுக்கு, மருத்துவர் எழுதித் தரும் தூய மருந்து வேறு. கடையில் தொங்கும் டப்பா வேறு.

பூண்டு, மஞ்சள், பட்டை: நம் அடுக்களைப் பொருள்கள்தாம். இவற்றை மாத்திரையாக்கி விற்கிறார்கள். 2022இல் அமெரிக்காவில் மீன் எண்ணெய், பூண்டு, மஞ்சள், பட்டை உள்ளிட்ட ஆறு வகை மாத்திரைகளை ஒரு சிறு அளவு கொழுப்பு மருந்தோடு 28 நாள் ஒப்பிட்டார்கள். மருந்து கெட்ட கொழுப்பை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது. ஆறு டப்பாக்களில் ஒன்றுகூட வெற்று மாத்திரையை வெல்லவில்லை! பூண்டு குழம்புக்கு மணம், மறுக்கவில்லை. மருந்துக்கு மாற்று அல்ல என்கிறோம்.

பயன் இல்லை என்பதோடு போகிறதா? 2024இல் ஜப்பானில், கொழுப்பைக் குறைக்கும் என்று விற்ற சிவப்பு நொதி அரிசி மாத்திரையால் பலருக்குச் சிறுநீரகம் கெட்டது, சாவுகளும் நேர்ந்தன, டப்பாக்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள்.

நம் தோழரின் டப்பாவைப் புரட்டிப் பார்த்தோம். பின்பக்கம், எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி: மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல! சட்டம் போடச் சொன்ன வரி. முன்பக்கம் பெரிய எழுத்தில் இதயப் படம். பின்பக்கம் சிறிய எழுத்தில் உண்மை! இங்கிலீசு தெரியாதவன் எதைப் பார்ப்பான்? படத்தைத்தானே!

தோழர்களே! நாம் யார்? மந்திரித்த கயிற்றை அறுத்தவர்கள். தாயத்தைக் கழற்றி எறிந்தவர்கள். "இதைக் கட்டினால் நோய் தீரும்" என்றவனைப் பார்த்து, "எப்படித் தீரும்? சான்று என்ன?" என்று கேட்டவர்கள். அந்தக் கேள்வியை டப்பாக்காரனிடம் ஏன் கேட்க மறந்தோம்? தாயத்துக்குள் தகடு, டப்பாவுக்குள் பொடி. அன்று அச்சத்தை விற்றான். இன்றும் அச்சத்தைத்தான் விற்கிறான்!

சோகை இருக்கிறதா, பி12 குறைவா என்று இரத்தம் சோதித்து, குறை கண்டு, மருத்துவர் சத்து மாத்திரை எழுதினால் உண்ணுங்கள். அது அறிவு. சோதனை இல்லாமல், சொல்வார் சொல்லக் கேட்டு வாங்குவது ஏமாற்றம். எந்த டப்பாவை வாங்கினாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மருந்தோடு மோதுகிற பொருள்கள் உண்டு.

தட்டிலே இருக்கிறது சத்து

சத்து வேண்டாமா? வேண்டும்! ஆனால் அது கண்ணாடிப் பெட்டியில் இல்லை, சந்தையில் இருக்கிறது. பிரான்சின் லியோன் நகரில் மாரடைப்பு கண்ட 605 பேரில் ஒரு சாராருக்கு மாத்திரை கூட்டவில்லை; உணவை மாற்றினார்கள். ரொட்டி, காய்கறி, பயறு, பழம், மீன் மிகுதி, இறைச்சி குறைவு, வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு. 1999இல் இறுதி முடிவு வந்தது. அவர்களுக்கு மறு மாரடைப்பு பாதிக்கு மேல் குறைந்தது!

அந்த ஊர் உணவை நாம் தேடிப் போக வேண்டியதில்லை. நம் தட்டிலே கீரையும் காயும் கூடட்டும், வெள்ளைச்சோறு குறையட்டும். துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, ஒரு பிடி வேர்க்கடலை. புரதப் பொடியின் வேலையை இவை செய்யும். மத்தி, அயிலை, மீன் எண்ணெய் டப்பாவில் அடைத்த பொருள் இவற்றிலேதான் இருக்கிறது. பொரிக்காமல் குழம்பு வையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு; இவற்றின் உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றும். நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது 5 கிராம், அதற்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். காய்ந்த எண்ணெயில் மறுபடி மறுபடி சுட்ட பஜ்ஜியை மறந்துவிடுங்கள்.

மற்றொன்று, பீடியும் சிகரெட்டும். மாரடைப்புக்குப் பின் புகையை விட்டவர்களுக்குச் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று 20 ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் காட்டினார்கள். எந்த டப்பாவும் தராத பலன்! விலை? ஒன்றுமில்லை, மிச்சம்தான்!

கூலி இல்லாதவனுக்கு ஓய்வு ஏது?

இத்தனையும் சொல்லிவிட்டு, "நட, கீரை சாப்பிடு, மூட்டை தூக்காதே" என்று அறிவுரையோடு நிறுத்தினால் அது பாதி உண்மை. மூட்டை தூக்காவிட்டால் அடுப்பு எரியாதே! அதற்கென்ன வழி?

தமிழகம் இந்தத் துறையில் வெறுங்கையோடு நிற்கவில்லை. மாரடைப்பு நோயாளியைச் சிறு மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு விரைவாகச் சேர்க்கும் முறையை இங்கே 2,420 பேரிடம் சோதித்தார்கள். ஓராண்டுச் சாவு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தது என்று 2017இல் வெளியான ஆய்வு சொல்கிறது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஏழையும் இதய அறுவைக்குத் தனியார் மருத்துவமனை வாசலை மிதித்தான். 2021 ஆகஸ்டு 5இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுப்படி ஏறின. இயன்முறைப் பயிற்சியாளரும் வீடு தேடி வந்தார். 2023இல் இதயம் காப்போம் திட்டத்தின்கீழ், நெஞ்சுவலியோடு வருகிறவனுக்கு முதல் வேளை மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே என்றானது.

உயிரைக் காக்கும் படிகள் கட்டப்பட்டன. வாழ்வை மீட்கும் படி? அதைக் கேட்கிறோம்!

ஒன்று: மாரடைப்பு கண்டு வீடு திரும்பும் ஒவ்வொருவரும், வீடு தேடி வரும் இயன்முறைப் பயிற்சியாளரின் பட்டியலில் இடம்பெற வேண்டும். எட்டு வாரம், பன்னிரண்டு வாரம், நடையும் மூச்சும் அவர் கற்பிக்க வேண்டும். தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிப் பெறும் பயிற்சி, அரசு மருத்துவமனையில் உரிமையாகக் கிடைக்க வேண்டும்.

இரண்டு: மாத்திரை தீருமுன் அடுத்த மாத்திரை வீடு வர வேண்டும். "ஏன் வாங்க வரவில்லை?" என்று கேட்க ஒரு குரல் வேண்டும்.

மூன்று: தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் சேர்ந்தவருக்கு நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கிறது. அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கும் மண்டித் தொழிலாளிக்கு? 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழி வந்த நல வாரியங்கள் இருக்கின்றன. மாரடைப்பு கண்டவனுக்கு மூன்று மாதப் பிழைப்பூதியம் அங்கிருந்து வர வேண்டும்.

நான்கு: இதயத் திறனைச் சோதித்து, இன்ன வேலை செய்யலாம், இன்னது கூடாது என்று சான்று தரும் பிரிவு மாவட்டந்தோறும் வேண்டும். புதுக் கனவு அல்ல இது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஹெர்மன் ஹெல்லர்ஸ்டைன் என்ற மருத்துவர், 1950களிலேயே தொழிலாளிகளின் இதயத்தையும் அவர்கள் செய்யும் வேலையையும் அளந்து, பலரை ஏற்ற வேலைக்குத் திருப்பி அனுப்பினார்.

ஐந்து: டப்பாவின் பின்பக்க வரி முன்பக்கம் வர வேண்டும். பெரிய எழுத்தில், தமிழில்!

கிளைக் கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை உண்டு. உங்கள் தெருவில் மாரடைப்பு கண்டு திரும்பியவர் யார் என்று பாருங்கள். மாத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். மாலையில் அவரோடு பத்து நிமிடம் நடங்கள். தேர்தலுக்கு வீடு வீடாக நடந்த கால்கள்தானே! இதற்கும் நடக்கட்டும்.

நேற்று மாலை நம் தோழர் மறுபடி வந்தார். இம்முறை பையில் டப்பா இல்லை. பிரிக்காத இரண்டைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டாராம். பிரித்த இரண்டை எடுக்க மறுத்துவிட்டாராம். தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. மருத்துவர் சொன்னபடி காலையில் பத்து நிமிடம் நடக்கிறார். மகள் துணைக்குப் போகிறாள்.

"மேஸ்திரி ஆள் விட்டுட்டாரு. திங்கக்கிழமை வர்றியா, இல்லே வேறே ஆளைப் போடட்டுமான்னு கேக்கிறாரு. என்ன சொல்லட்டும் தம்பி?" என்றார்.

"டாக்டர் என்ன சொன்னாரு அண்ணே?"

"இன்னும் ஆறு வாரம் மூட்டையைத் தொடாதேன்னாரு. ஆறு வாரத்துக்கு அரிசி யாரு தர்றதுன்னு நான் கேக்கலே. அவரும் சொல்லலே."

அந்தக் கேள்விக்கு விடை எந்த டப்பாவிலும் இல்லை. நாடுதான் சொல்ல வேண்டும். சொல்லும்வரை கேட்போம்!

அவர் எழுந்தார். சுவரைப் பிடிக்காமல், மூன்று படிகளையும் ஒவ்வொன்றாக இறங்கிப் போனார்.